பெயின்ட் அடிப்பதற்கு முன்
தையல் மெஷின் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெக்கானிக் அண்ணன்மார்களுக்கு,

பஜாரில் சின்னக் கடை வைத்திருப்பவர்கள், டூல் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்கள், டெய்லர் கடை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுக்கிறவர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தனித்தனியாகப் பலரிடம் ஏற்கெனவே கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் "அதெல்லாம் யாருக்கு சார் வேணும்" என்றார். இன்னொருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதனால் பொதுவிலேயே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

ஒரு பழைய தையல் மெஷினைப் பார்த்து, அது எந்த ஊரில், ஏறக்குறைய எந்த ஆண்டில், என்ன மாடலாகச் செய்யப்பட்டது என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் போனில் படம் அனுப்புவார்கள். "பாட்டியோட மெஷின், என்ன மாடல்னு சொல்லுங்க" என்பார்கள். படத்தைத் திறந்தால் கண் கூசும். தலை முழுக்கப் புது டுக்கோ கறுப்பு. மேலே தங்க நிறத்தில் 'சிங்கர்' ஸ்டிக்கர். சக்கரத்துக்குச் சிவப்பு. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பார்த்து, தேய்த்து, சமமாக்கி, அதன் மேலும் கறுப்பு. அந்த மெஷினுக்கு இனி ஊரும் இல்லை, வயதும் இல்லை. பெயின்ட் அடித்தவர் நல்ல வேலைக்காரர் என்பது மட்டும் தெரிகிறது. அந்த வேலைக்காரர் உங்களில் ஒருவர்.

உங்கள் மேல் பழி போடுவது சுலபம், ஆனால் முழு நியாயம் ஆகாது. வாடிக்கையாளர்தான் "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்கிறார். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய தலையை அப்படியே திருப்பிக் கொடுத்தால் "என்ன வேலை பாத்தீங்க" என்று கூலியைக் குறைக்கிறார். ஓட்டம் சரியாக இருக்கிறதா, டென்ஷன் பிடிக்கிறதா, பல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவருக்குப் பெயின்ட்தான் கண்ணில் படும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பெயின்ட் அடிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அடிப்பதற்கு முன் அழிந்துபோகப் போவது என்ன என்று சொல்லத்தான் வந்தேன்.

முதலில் நம்பர். மேஜையோடு படுத்திருக்கும் தட்டையான பாகத்தில், பெரும்பாலும் வலது பக்கம், தூணுக்கு அருகில் குத்தியிருக்கும். சிங்கர் தலையாக இருந்தால் அந்த ஒரு வரியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 1900-க்கு முந்தைய தலைகளில் வெறும் எண்கள்தான் இருக்கும். 1900-லிருந்து எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து வருகிறது. பின்னாளில் அது இரண்டு எழுத்தாகிறது. எழுத்தைப் பார்த்து எந்தத் தொழிற்சாலை என்று சொல்லலாம். 'ஜி' என்றால் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து எலிசபெத் நகரம். 'சி' என்றால் ஜெர்மனியின் விட்டன்பெர்கே. 'எஃப்', 'ஒய்' என்றாலும், இரண்டெழுத்தில் முதல் எழுத்து 'ஈ' என்றாலும் ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்க். 'எஃப்' 1910-க்குப் பின், 'ஒய்' 1920-களிலும் 1930-களின் தொடக்கத்திலும். எண்களைக் கம்பெனி கத்தை கத்தையாக ஒதுக்கிவைத்து மெஷின் செய்தது. ஆகவே பதிவேட்டில் உள்ள தேதி அந்தக் கத்தையை ஒதுக்கிய தேதி. உங்கள் மேஜையில் இருக்கும் தலை அதற்குச் சில மாதங்கள் தள்ளியும் வெளியே வந்திருக்கலாம். அது பெரிய குறையில்லை.

கிளைடுபாங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் வாழ்நாளில் திறந்து மூடிய சிங்கர் தலைகளில் நிறைய அங்கிருந்து வந்தவை. கில்போவி என்ற இடத்தில் 1885-ல் அந்தத் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. 1913-ல், ஒரே ஆண்டில், 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்கள் அங்கிருந்து கப்பலேறின. வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ரயில் நிலையமே இருந்தது. தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. நிலையத்தின் பெயர் இன்றும் 'சிங்கர்'. மாடல் எண்ணுக்குப் பின்னால் 15கே, 66கே, 99கே என்று வரும் 'கே' அந்தக் கில்போவியைக் குறிக்கும். இந்தியாவில் 1875 முதல் சிங்கருக்கு ஏஜென்ட்டாக இருந்தவர் நஸர்வான்ஜி மேர்வான்ஜி பட்டேல் என்ற பார்சி. கொழும்பில் 1877-லேயே சிங்கர் கடை திறந்தாயிற்று. தவணையில் கொடுத்ததால் டெய்லர்களும் வீட்டுப் பெண்களும் வாங்க முடிந்தது. உங்கள் அப்பாக்கள் இந்தத் தொழிலுக்கு வந்ததும் அந்த வழியில்தான்.

நம்பர் போனால் என்ன, மற்ற அடையாளங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் மற்றவை பொய் சொல்லும்.

ஸ்டாண்டு பொய் சொல்லும். வார்ப்பிரும்பில் 'சிங்கர்' என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பாதவர்கள் குறைவு. ஆனால் முழு அளவுத் தலைகளின் அடிப்பாகம் சுமார் பதினாலரை அங்குல நீளம், ஏழு அங்குல அகலம் என்ற கணக்கில் பல கம்பெனிகளுக்கும் பொதுவாகிவிட்டது. அதனால்தான் சிங்கர் ஸ்டாண்டில் உஷாத் தலை உட்காருகிறது, லூதியானா ஸ்டாண்டில் ஜெர்மன் தலை உட்காருகிறது. மாற்றி மாற்றி உட்காரவைத்தவர்களே நீங்கள்தானே! அந்த வசதிக்கு நான் நன்றி சொல்கிறேன், ஏனென்றால் எத்தனையோ தலைகள் அப்படித்தான் பிழைத்தன. ஆனால் ஸ்டாண்டை வைத்துத் தலைக்குப் பெயர் சொல்ல முடியாது.

பொன் படங்களும் அப்படித்தான். சிங்க உடலும் மனித முகமுமாக எகிப்திய ஸ்பிங்ஸ் படம் போட்ட தலைகள் நம்மூரிலும் உண்டு. அதை ஒரு மாடலின் பெயராகவே நினைத்துவிடுகிறார்கள். அதே படம் ஒன்றுக்கு மேற்பட்ட மாடல்களில் ஒட்டப்பட்டது. ஸ்லைடு பிளேட்டில் பொறித்த பேட்டன்ட் ஆண்டைப் பார்த்து "1880-களில் செஞ்சது" என்கிறார்கள். பேட்டன்ட் வாங்கிப் பல வருடங்கள் கழித்தும் அதே ஆண்டைப் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். மான்செஸ்டர் பக்கத்து ஜோன்ஸ் கம்பெனித் தலைகளில் அலெக்சாண்ட்ரா ராணியாருக்கு வழங்கியது என்று எழுதியிருக்கும். அது விளம்பர வாசகம். அதைக் காட்டி "அரண்மனை மெஷின்" என்று விலை சொன்னவரை நானே பார்த்திருக்கிறேன். தூணில் இருக்கும் பித்தளை முத்திரையோ ஆணி கழற்றி இன்னொரு தலைக்கு மாற்றக்கூடியது. மாற்றத் தெரிந்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொய் சொல்லாத இடம் ஒன்று உண்டு. அது தலையின் அடிப்பாகம். அங்கேதான் உங்களைவிட்டால் ஆள் இல்லை.

தலையைப் பின்பக்கம் சாய்த்து, சக்கரத்தை மெல்லச் சுற்றி, ஷட்டில் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். இடமும் வலமுமாக நேர்கோட்டில் ஓடுகிறதா? அப்படியானால் மிகப் பழைய வகை. 1865-ல் வந்த சிங்கரின் 'நியூ ஃபேமிலி' அப்படித்தான் ஓடும், அதன் அடித்தட்டு வயலின் வடிவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். குண்டு போன்ற நீள ஷட்டில் அரைவட்டமாக முன்னும் பின்னும் ஊசலாடுகிறதா? அப்படியானால் 27, 28, 127, 128 என்ற குடும்பம். 27-ம் 127-ம் முழு அளவு, 28-ம் 128-ம் முக்கால் அளவு, அடித்தட்டு சுமார் 12 அங்குலம். ஷட்டிலைத் தூக்கிவிட ஒரு பொத்தான் இருந்து, பாபின் சுற்றும் கருவி தூணில் மேலே ஏறியிருந்தால் 127 அல்லது 128. வட்டப் பாபின் ஊசிக்கு முன்னால் மேலிருந்து இறங்கினால் 66, அதுவே சின்னதாக இருந்தால் 99. பாபின் கேஸ் இடது பக்கம் நிமிர்ந்து நின்று, கொக்கி அரைச்சுற்று போய்த் திரும்பினால் 15. அதை விவரிக்கத் தேவையில்லை, நம்மூரில் ஓடும் கறுப்புத் தலைகளில் பெரும்பாலானவை அந்தப் 15-ன் பிள்ளைகளும் பேரன்களும்தான்.

அடியில் இருக்கும் திருகுகள், தகடுகள், நெம்புகோல்களில் 'சிமான்கோ' என்ற சொல்லும் ஓர் எண்ணும் குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிங்கர் மேனுஃபேக்சரிங் கம்பெனி தன் பாகங்களில் போட்ட சுருக்கப் பெயர் அது. ஒரு ஃபுட்டிலோ ஸ்லைடு பிளேட்டிலோ மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம், அது எங்கிருந்தும் வந்திருக்கும். கழற்றியே இராத உள்பாகங்களில் இருந்தால் நம்பலாம். எது கழற்றியது, எது கழற்றாதது என்று திருகின் வாயைப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். எனக்கு அது வராது. மேய்க்கிறவனுக்கு மந்தையில் ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியாகத் தெரிவது மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே "இது ஜப்பான் தலை" என்று சொல்கிற ஆட்கள் உங்களில் உண்டு. புத்தகம் படித்து அது வராது.

இப்போது என் உண்மையான மனக்குறைக்கு வருகிறேன்.

சிங்கர் என்ற பெயர் இருக்கிற தலை எப்படியோ பிழைத்துக்கொள்கிறது. பழம்பொருள் வாங்குகிறவர் வருகிறார், காபிக் கடைக்காரர் அலங்காரத்துக்குக் கேட்கிறார், பேத்தி வந்து ஊருக்கு எடுத்துப்போகிறாள். லட்சம் லட்சமாகச் செய்த பொருள் அது. அபூர்வம் இல்லை. அபூர்வமான தலைகள்தான் காயலான் கடைக்குப் போகின்றன. ஸ்டாண்டை மட்டும் ஓட்டல் மேஜைக்கும் வாஷ்பேசினுக்கும் கழற்றிக்கொண்டு, "பேர் தெரியல, பார்ட்ஸ் கிடைக்காது" என்று தலையை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பைச் சொல்வது பல நேரம் நீங்கள். வீட்டுக்காரர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "இது ஒண்ணுக்கும் உதவாதும்மா" என்று நீங்கள் சொன்னால் அன்று சாயங்காலமே அது தராசில் ஏறிவிடும்.

அப்படிப் போகிறவை எவை தெரியுமா? 1862-ல் கைசர்ஸ்லாட்டர்னில் தொடங்கிய பாஃப், 1868-ல் டிரெஸ்டனில் தொடங்கிய சைடல் அண்டு நௌமன், 1872-ல் டூர்லாகில் தொடங்கிய கிரிட்ஸ்னர், பெர்லினின் ஃபிரிஸ்டர் அண்டு ரோஸ்மன் போன்றவர்களின் தலைகள். இவர்கள் சிங்கரின் நியூ ஃபேமிலியைப் பார்த்து அச்சாகச் செய்தார்கள், பிறகு தங்கள் வழியில் மாற்றினார்கள். பல ஜெர்மன் கம்பெனிகள் விற்பனையாளர் கேட்ட பெயரையே தலையில் எழுதிக் கொடுத்தன. ஒரே வார்ப்பு, ஊருக்கொரு பெயர். பெயர் அழிந்துவிட்டால் அடித்தட்டின் வளைவு, ஸ்லைடு பிளேட்டின் விளிம்பு, ஷட்டிலின் மூக்கு இவற்றை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். பட்டி பார்த்துத் தேய்த்தால் அந்த வளைவும் விளிம்பும்கூட மழுங்கிப் போகின்றன.

ஜப்பான் கதை இன்னும் சிக்கல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே கம்பெனிகள் சேர்ந்து, சிங்கர் 15-ஐ அடிப்படையாக வைத்து, எல்லோரும் ஒரே அளவில் பாகங்கள் செய்ய ஒத்துக்கொண்டார்கள். யாரிடம் வாங்கிய பாகமும் யாருடைய தலைக்கும் பொருந்தும். ஏற்றுமதியாகும்போது வாங்குகிற நாட்டுக் கடைக்காரர் விரும்பிய பெயரைப் போட்டார்கள். அப்படி எண்ணற்ற பெயர்கள். நேசநாட்டுப் படைகளின் பிடியில் ஜப்பான் இருந்த 1952 வரையிலான காலத்துத் தலைகள் சிலவற்றில் அதைச் சொல்லும் வாசகமே இருக்கும். மற்றவற்றில் அடியிலோ தூணுக்குள்ளோ 'ஜே.ஏ.', 'ஜே.சி.' என்று தொடங்கும் குறி வார்ப்பிலேயே இருக்கும். செய்தவரைத் தேட மேலே இருக்கும் பெயர் உதவாது, அந்தக் குறிதான் உதவும். ஆனால் எனக்கு வருகிற நூறு படத்தில் ஒன்றில்கூட அடிப்பாகம் இருப்பதில்லை. மெஷினோடு நிற்கும் பேரப்பிள்ளை இருப்பான்.

வெளிநாட்டுத் தலைகளைப் பற்றியே பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். எனக்கு அதிகக் கவலை நம்மூர்த் தலைகளைப் பற்றித்தான். கல்கத்தாவில் 1930-களின் நடுவில் ஜே இன்ஜினியரிங் வொர்க்ஸ் தொடங்கிய உஷா இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டது. ஆரம்ப கால உஷாத் தலை ஒன்றை யாராவது 'பழம்பொருள்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "உஷாதானே" என்று ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இறக்குமதி சுருங்கிய பிறகு இங்கே வந்த மெரிட், லூதியானாவின் ரீட்டா, அங்கே சின்னச் சின்னப் பட்டறைகளில் பிறந்து பெயர்ப்பலகைகூட நிலைக்காமல் போன எத்தனையோ தலைகள் எல்லாம் அந்த நிலைதான். சிங்கரின் பழைய காகிதங்களை அமெரிக்காவின் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கம் பாதுகாக்கிறது. கிளைடுபாங்க் அருங்காட்சியகத்தில் பெரிய மெஷின் தொகுப்பே இருக்கிறது. எண்ணைச் சொன்னால் ஆண்டைச் சொல்லும் பட்டியல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நம்மூர்த் தலைகளுக்கு அப்படி ஒரு பட்டியல் புழக்கத்தில் இல்லை. இருக்கிற பதிவேடு உங்கள் தலைக்குள் இருப்பது மட்டும்தான். எந்த வருடத்தில் டென்ஷன் பக்கவாட்டிலிருந்து முன்னுக்கு வந்தது, எந்தக் கம்பெனி எப்போது கனத்தைக் குறைத்தது, எந்தத் தலையின் உள்ளே இரும்பு நன்றாக இருக்கும், எது ஆறு மாதத்தில் தேயும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லாமல் போனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு இடம் கிடையாது.

இன்னொரு காரணத்துக்காகவும் நீங்கள் வாய் திறக்க வேண்டும். 2009-ல் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி கிளம்பியது. பழைய சிங்கர் மெஷின் ஊசியில் 'செம்பாதரசம்' இருக்கிறதாம், செல்போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் லைன் கட்டாகுமாம், அப்படி ஆனால் அசல் சரக்காம். ஒரு மெஷினுக்கு இரண்டு லட்சம் ரியால் வரை விலை பேசினார்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது. இரிடியம் என்று சொல்லிச் செம்புச் சொம்பை விற்கிற கூட்டம் நம்மிடமும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். அதுபோக, "நூத்தம்பது வருசம், வெள்ளைக்காரன் காலத்துது" என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள், நல்ல மெஷினை "வெறும் இரும்பு" என்று சொல்லிப் பிடுங்கிப்போகிறவர்கள் என இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது. நடுவில் நிற்கும் வீட்டுக்காரருக்கு நம்பிக் கேட்க இருக்கிற ஒரே ஆள் நீங்கள். ஊசி வெறும் ஊசி, இது 1920-களில் கிளைடுபாங்கில் செய்த 28, இன்னும் ஐம்பது வருடம் தைக்கும் என்று நீங்கள் சொன்னால் இருதரப்புப் பேச்சும் எடுபடாது. உங்களுக்கும் ஒரு ரிப்பேர் வேலை மிஞ்சும். ஆம், உங்கள் பிழைப்புக்கும் இதில் லாபம் உண்டு. பேர் தெரிந்த தலையை யாரும் எடைக்குப் போடுவதில்லை, ரிப்பேருக்குத்தான் கொண்டுவருகிறார்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். பவர் மெஷின்கள் வந்த பிறகு கறுப்புத் தலைக்கு வேலையே குறைந்துவிட்டது, இருக்கிற கொஞ்ச நேரத்தில் எழுதிக்கொண்டு உட்கார முடியுமா என்பீர்கள். நியாயம்தான். நான் கேட்பதில் பெரும்பகுதி எழுதுகிற வேலை இல்லை. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன் போதும்.

பட்டி பார்ப்பதற்கு முன் ஒரு பழைய துணியில் கொஞ்சம் மெஷின் ஆயில் தொட்டு நம்பரைத் துடையுங்கள். மண்ணெண்ணெயும் சாண்ட் பேப்பரும் பொன் படத்தைத் தின்றுவிடும், அவற்றை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நம்பர் தெரிந்ததும் ஒரு படம். தலையைச் சாய்த்து அடிப்பாகம் முழுவதும் தெரிய ஒரு படம். ஸ்லைடு பிளேட்டைத் தள்ளி, ஷட்டிலோ பாபின் கேஸோ தெரிய ஒன்று. முன்தகட்டின் சித்திர வேலைப்பாடு தெரிய ஒன்று. இத்தனையும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதற்கப்புறம் பெயின்ட் அடித்தே ஆக வேண்டுமென்றால் அடியுங்கள், நம்பர் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். வேறு கம்பெனித் தலையில் 'சிங்கர்' ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்கிறேன். அந்த ஒரு ஸ்டிக்கரால் அடுத்த தலைமுறையில் மெஷின் பார்க்கிறவர் ஒவ்வொருவரும் தடுமாறுவார்.

பாகம் மாற்றினால், எதை எடுத்தீர்கள், எதைப் போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி மேஜை டிராயரில் போட்டுவிடுங்கள். மோட்டார் வைப்பதற்காகக் கம்பிச் சக்கரத்தைக் கழற்றிக் கனச் சக்கரம் மாட்டினால், பழையதை வீட்டுக்காரரிடமே கொடுத்து "இது இதோட சொந்தச் சக்கரம், தூக்கிப் போடாதீங்க" என்று சொல்லுங்கள். நீள ஷட்டிலும் நீளப் பாபினும் கண்ணில் பட்டால் ஒரு டப்பாவில் சேர்த்துவையுங்கள். 27-ம் 28-ம் ஓடாமல் நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு துண்டு காணாமல் போனதால்தான். தலையில் கோளாறே இருக்காது. உங்கள் டப்பாவில் கிடக்கும் துண்டு அடுத்த ஊரில் ஒரு மெஷினை எழுப்பிவிடும். ஷட்டிலில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் தையல் விழாது என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே எந்தத் தலையிலிருந்து எடுத்தது என்று நூலில் கட்டி ஒரு துண்டுச்சீட்டு.

ஜெர்மன் தலையோ ஜப்பான் தலையோ பேர் தெரியாத எதுவோ வந்தால், "ஒண்ணுக்கும் உதவாது" என்று சொல்வதற்கு முன் அந்தப் படங்களை உங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டுக் கேளுங்கள். உங்களுக்குள்ளேயே குழுக்கள் இருக்கின்றன, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறீர்கள். அதே இடத்தில் "இது யாருடைய வார்ப்பு?" என்ற கேள்வியும் வரட்டும். நீங்கள் ஐந்து பேர் சேர்ந்தால் எனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும்.

கடைசியாக, இந்தத் தொழிலில் நாற்பது ஐம்பது வருடம் போட்ட பெரியவர்களுக்கு. உங்களிடம் வேலை கற்க வருகிற பையன்கள் குறைந்துவிட்டார்கள், வருகிறவனும் ஜப்பான் பவர் மெஷினைத்தான் கேட்கிறான் என்பது தெரியும். இருந்தாலும் கடை ஓய்வாக இருக்கும் ஒரு மத்தியானம் பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்காரவைத்து, உஷா, மெரிட், ரீட்டாவில் ஆரம்பித்து, இந்தத் தலை எப்போது வந்தது, எதில் என்ன மாறியது, எந்த ஊரில் எது அதிகம் ஓடியது என்று சொல்லிக்கொண்டே போங்கள். அவர்கள் போனில் பதிவு செய்துகொள்ளட்டும். ஒழுங்காக, வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை, ஞாபகம் வருகிற மாதிரி சொன்னால் போதும். எனக்கு அனுப்ப வேண்டும் என்றும் இல்லை. உங்கள் கடையிலேயே இருக்கட்டும். பாட்டியின் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து "அண்ணா, இது என்ன மாடல்?" என்று கேட்டால், அவளுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளன்